பதினாறு கோரும் ஒரு கரண்டியும்

எங்கள் தெருவில் இன்டர்நெட் மெதுவாக ஓடிய நாட்களில், வெளிநாட்டிலிருக்கும் என் தங்கை மகன் வீடியோவில் கூப்பிட்டு "மாமா" என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நான் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். அப்போதுதான் முதல் "மா" முடிந்து இரண்டாவது "மா" வந்துகொண்டிருந்தது. இதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேறு தெருவில் குடியிருந்தவர்கள்.

எங்களுக்கு இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்தது கீழ்வீட்டுக் குடும்பம். நான் மாடி. கீழே அண்ணன் தம்பி இரண்டு பேர், பெண்டாட்டி பிள்ளைகளோடு, ஒரே சமையல். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு போன், சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி. அலமாரியில் ரௌட்டரும் அதன் சுற்றத்தாரும் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு இருப்பார்கள். வயர்கள் அலமாரியிலிருந்து ஜன்னல் வழியாக வெளியேறி, என் பால்கனியைத் தொட்டுவிட்டு, கம்பம் கம்பமாகத் தாவிப் போகும். பால்கனியைத் தொட்டதற்காக எனக்கு மட்டும் இணைப்பு இலவசம்.

அண்ணனை ஊரே மூத்தவர் என்றுதான் கூப்பிடும். ஏணி, கம்பம், வயர், கொக்கி எல்லாம் அவர் பாடு. வயர் தொங்குகிற தொங்கலைப் பார்த்தே அதில் உட்கார்ந்திருப்பது காக்கையா மைனாவா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை, "இதுல உக்காந்திருக்கறது காக்காதான், ஆனா சாப்பிட்டுட்டு வந்த காக்கா" என்றார். போய்ப் பார்த்தோம். அலகில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது.

தம்பி சின்னவர். அவர் வெயிலில் இறங்கமாட்டார். ரௌட்டருக்குள் யாருக்கு எவ்வளவு விடுவது என்று அமைக்கிறது அவர் வேலை. போன் எடுப்பது மூத்தவரின் மனைவி. சின்னவருக்கு அவர் அண்ணி என்பதால் ஊருக்கும் அண்ணி ஆகிவிட்டார். திட்ட வேண்டுமென்று போன் செய்கிறவனும், "அண்ணி, உங்களுக்குத் தெரியாததில்ல" என்று ஆரம்பித்து, திட்டாமலே வைத்துவிடுவான். சின்னவரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான்.

அந்த வீட்டில் சோற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது. இவர்களுடைய அப்பா ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பரிமாறியவர். நீளக் காம்பு வைத்த ஸ்டீல் கரண்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ஷிப்ட்டையே பசியாற்றி அனுப்பியவர். "பரிமாறுற கை ஒண்ணா இருக்கணும். கை ரெண்டானா பங்கு ரெண்டாகும், பங்கு ரெண்டானா சண்டை வரும்" என்பார். அவர் போன பிறகு கரண்டி மூத்தவர் கைக்கு வந்தது. அத்தனை பேரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூத்தவர் மட்டும் நின்றுகொண்டு, பானையை ஒரு பார்வை, தட்டுகளை ஒரு பார்வை பார்த்து, சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் அந்த ஒரே கரண்டியால் ஒவ்வொருவருக்காக வைப்பார். நடுவில் கரண்டியைக் கழுவி வேறு வருவார். கடைசித் தட்டுக்கு வருவதற்குள் முதல் தட்டுக்காரன் இரண்டாம் முறை கேட்பான். எல்லோருக்கும் போதும் என்று ஆன பிறகுதான் மூத்தவர் உட்காருவார். அதற்குள் எல்லாம் ஆறி அவல் மாதிரி ஆகியிருக்கும். சூடான சோறு என்பது அவர் காதால் கேள்விப்பட்ட சங்கதி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் ஒரு நாளும் குறைந்ததில்லை.

ரௌட்டருக்குள் சின்னவர் செய்வதும் பரிமாறுகிற வேலைதான். மேலே பெரிய கம்பெனியிலிருந்து இவர்களுக்கு ஒரு தடித்த லைன் வருகிறது. அதைத் தெருத் தெருவாக, வீடு வீடாகப் பங்கு போட வேண்டும். போடாவிட்டால், ஒரு வீட்டில் ஒருவன் படம் படமாக இறக்கி மொத்தத்தையும் உறிஞ்சிவிடுவான். பக்கத்து வீட்டுக்காரியின் பரீட்சை பாதியில் நிற்கும். அதனால் வந்து போகிற ஒவ்வொரு துளியையும் ரௌட்டர் ஒரு கணம் நிறுத்தி, "உனக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தாச்சு" என்று பார்த்து அனுப்பும். நிற்கிற வரிசைக்குப் பெயர் க்யூ. வீட்டுக்கு ஒரு க்யூ, வீடுகளைச் சேர்த்துத் தெருவுக்கு ஒரு க்யூ, எல்லாத் தெருக்களுக்கும் மேலே ஒரே ஒரு தலை க்யூ. இந்தத் தலை க்யூ மூத்தவரின் ஏற்பாடு. "மொத்தத்தையும் ஒருத்தன் பாக்கணும். அப்பதான் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரும்" என்று அவர் சொன்னார். சின்னவர் போட்டார்.

பழைய ரௌட்டரில் அது நன்றாகவே ஓடியது. அந்தப் பெட்டிக்குள் இருந்தவன் ஒருத்தன்தான், ஆனால் ஓட்டக்காரன். வாடிக்கையாளர்கள் கூடக்கூட அவனுக்கு மூச்சு வாங்கியது. அதனால், அண்ணி கேட்டுக்கொண்டிருந்த வாஷிங் மெஷினைத் தள்ளிப்போட்டு, புது ரௌட்டர் வாங்கினார்கள். பதினாறு கோர். அதாவது பெட்டிக்குள் பதினாறு பேர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருத்தனும் பழையவனைவிட மெல்ல நடக்கிறவன். பதினாறு பேரும் சேர்ந்து தோள் கொடுத்தால்தான் பலம்.

"பழசுல எப்படி இருந்துச்சோ அப்படியே இதுலயும் போட்டுடு" என்றார் மூத்தவர்.

சின்னவர் அப்படியே போட்டார். அன்று சாயங்காலம்தான் என் தங்கை மகன் வாயைத் திறந்தான்.

காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பி ஆளுக்கொரு திரையைத் திறந்ததும் தெரு முழுக்க வட்டம் சுற்றும். பழைய பெட்டிக்கே திரும்பிவிடலாம் என்றால், அதை அண்ணன் தம்பி இருவரும் புதுசு வந்த சந்தோஷத்தில் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர் அதைப் பிரித்து, மூடியை மட்டும் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டாராம்.

மூத்தவர் ஏணியைச் சாத்திவிட்டு வந்து சின்னவரின் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பதினாறு கோடுகள். முதல் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு சிவப்பாக நின்றது. மற்ற பதினைந்தும் தரையில் படுத்துக் கிடந்தன.

"இந்த முதல் கோடு யாரு?"

"முதல் கோர்ண்ணே."

"அப்ப இதுதான் மூத்தது."

"அப்படியும் சொல்லலாம்."

"பாரு, மூத்தது முழி பிதுங்க உழைக்குது. மத்ததெல்லாம் காலை நீட்டிட்டுக் கெடக்கு. எந்த வீட்டுல இது இல்ல?"

அவர் குரலில் குறை இல்லை. ஒரு சொந்தம்தான் இருந்தது. உள்ளே போய் டேபிள் ஃபேனை எடுத்து வந்து அலமாரிக்கு எதிரே வைத்து, முகத்தைத் திருப்பி, வேகத்தைக் கூட்டினார்.

"சூடு ஏறிப் போச்சு, பாவம். காத்து வாங்கட்டும்."

"மாமா, அதுக்குத் துண்டு போர்த்திப் பால் குடுக்காம இருந்தாச் சரி" என்றாள் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"நீ சிரி. வேலை செய்யறவனுக்குத்தான் வேலை செய்யறவன் அருமை தெரியும்."

மூத்தவர் மறுபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். காக்கைகளைக் கண்டித்தார். ஃபேன் ஓடியது. வட்டம் சுற்றியது. ரௌட்டருக்கு ஜலதோஷம் பிடித்து அதன் விளக்குகள் இரண்டு நாள் மூக்கடைத்த மாதிரி மங்கலாக எரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை பல் டாக்டர் வந்தார். தெருக்கோடியில் இருக்கிற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் சங்கச் செயலாளர். அவர் வாயைத் திறந்தால் எதிரே இருக்கிற நாங்களும் வாயைத் திறந்துவிடுவோம். பழக்கதோஷம்.

"மூத்தவரே, உங்களை எனக்கு இன்னிக்கு நேத்தா தெரியும்? எங்க பிளாட்டுக்கு முதல் வயர் இழுத்ததே நீங்கதான். ஆனா என்னால இனிமே பதில் சொல்ல முடியல. சாயங்காலமானா நாப்பது பேர் என் கதவைத் தட்டறாங்க. அதுல பாதிப் பேருக்குப் பல்வலி வேற."

"ரெண்டு நாள் பொறுங்க டாக்டர்."

"பொறுத்தாச்சு. எதிர்க் குடியிருப்புல வேற ஒரு கம்பெனி லைன் வாங்கிட்டாங்க. அதே கம்பெனிக்காரன் எங்கிட்டயும் வந்து உக்காந்திருக்கான். நான் சங்கத்துல ஒண்ணு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் ஃபைனல். கீழ ஹால்ல பெரிய திரையில போடறோம், உங்க லைன்லயே. எல்லாரும் பாக்கட்டும். ஒழுங்கா ஓடினா யாரும் உங்கள விட்டுப் போக வேணாம். நின்னுதுன்னா, திங்கக்கிழமை நான் கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

டாக்டர் கிளம்பிப் போனார். இவர்கள் இணைப்புக் கொடுத்த வீடுகளில் பாதி அந்தக் குடியிருப்பில்தான் இருந்தன. அது போனால் மேலேயிருந்து வருகிற லைனை வைத்திருக்க முடியாது. கடை மூடியது மூடியதுதான். மூத்தவர் கம்பெனிக்காரனுடைய கம்பத்தில் ஏறுவார். சின்னவரை வேறு ஊரில் ஒரு ஆபீஸ் எப்போதிலிருந்தோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் போனால் டீச்சரும் பிள்ளையும் போவார்கள். ஒரு பானை இரண்டு பானையாகும். மூத்தவர் கரண்டியை எடுத்துத் துடைத்து, மறுபடி மாட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் மூத்தவர் கம்பத்தில் இருந்த நேரம். சமையலறையில் அண்ணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் பட்டாணி உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சின்னவர் வந்து நிலைப்படியில் சாய்ந்தார்.

"அண்ணி, அது சூடு இல்ல."

"எது?"

"ரௌட்டர். சூடும் இல்ல, வயரும் இல்ல. தலை க்யூதான் காரணம். எல்லாத்தையும் ஒரே தலைக்குக் கீழ கட்டினா, மொத்தக் கணக்கையும் ஒரே கோர்தான் பாத்தாகணும். மத்ததுக்குப் பிரிச்சுக் குடுக்க வழியே இல்ல. தலையை எடுத்துட்டு, தெருவுக்குத் தெரு தனியா வச்சோம்னா பதினாறும் எந்திரிச்சு ஓடும்."

அண்ணியின் கத்தி நின்றது. "எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"பெட்டி வந்த வாரமே."

"உங்க அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

சின்னவர் ஒரு பட்டாணியை எடுத்து உருட்டினார். "எப்படி அண்ணி சொல்றது? என்னைப் படிக்க வச்சதே அவர்தான். மேல ஒருத்தர் இருந்து எல்லாருக்கும் பாத்துப் பாத்து வைக்கணும்னு அவர் வச்சது அது. 'அந்தத் தலை வேணாம்'னு அவர் மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்வேன்? 'நீங்க வேணாம்'னு சொல்ற மாதிரி இருக்காதா?"

"அவருக்குத் தெரியாம மாத்திடுங்களேன்" என்றாள் டீச்சர்.

"தெரியாம மாத்தி, நல்லாவும் ஆயிட்டா? அது இன்னும் மோசம். இந்த வீட்டுல அவருக்குத் தெரியாம உப்புக்கூட போட்டதில்ல."

"அப்ப அக்கா சொல்லட்டும்" என்று டீச்சர் அண்ணியைக் காட்டினாள்.

"நான் சொன்னா, 'உனக்கு ரௌட்டரப் பத்தி என்ன தெரியும்'பார். நீ சொல்லு, கணக்கு டீச்சர்."

"நான் சொன்னா, அவர் தம்பி சொல்லித்தான் சொல்றேன்னு நெனைப்பார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பட்டாணி தின்ற கடன் ஒன்று இருக்கிறதே. எழுந்து போனேன்.

மூத்தவர் கம்பத்தின் நடுவில் இருந்தார். கீழே நின்று, "மூத்தவரே, ஒரு விஷயம்" என்றேன். "சொல்லுங்கய்யா" என்றார். குடும்பத்தில் தலை என்பது என்ன, தலைக்கும் ஓய்வு வேண்டும், பாரத்தைப் பகிர்ந்தால் பாதியாகும் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இறங்கி வந்து, என் தோளில் கை வைத்து, "நீங்க சொல்றது சரிதான்யா. உங்களுக்கு வயசாச்சு. பால்கனி செடிக்கு நாளையிலேர்ந்து நானே தண்ணி ஊத்தறேன்" என்றார். மறுநாள் காலையிலேயே வந்து ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மூத்தவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குடியிருப்பின் ஹாலுக்குப் போனார். வீட்டில் நாங்கள் அலமாரியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறை ஜன்னலைத் திறந்தால் வலப்பக்கம் எங்கள் ஆட்களின் குடியிருப்பு, இடப்பக்கம் கம்பெனி லைன் வாங்கிய எதிர்க் குடியிருப்பு. இரண்டும் காதுக்கு எட்டும் தூரம்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒரு பெருங்கூச்சல் எழுந்தது. கோல். வலப்பக்கம் அமைதி. நாங்கள் வலப்பக்கத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஒரு தேங்காயைத் துருவி முடித்தார். பிறகு வலப்பக்கத்திலிருந்து, ஏற்கெனவே முடிவு தெரிந்த கதையைக் கேட்டவர்கள் போல, "ஓ" என்று ஒரு சத்தம் வந்தது.

போன் அடித்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, படம் நின்னு நின்னு வருது. இப்ப சுத்தமா நின்னுருச்சு. கோல்கீப்பர் அந்தரத்துல தொங்கறான்."

"தெரியுதுண்ணே."

"மூத்தது எப்படி இருக்கு?"

"நூறுல நிக்குது."

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"என் ரூம்ல இருக்கறதையும் எடுத்துட்டு வந்து வை."

சின்னவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"அண்ணே" என்றார் சின்னவர். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஃபேன் வேணாம்ணே."

"சரி. வேற என்ன வேணும்?"

"வேற ஒண்ணும் வேணாம்ணே. அந்தத் தலை க்யூவும் வேணாம்."

போனுக்குள் ஒரு ஹால் முழுக்க ஜனம் முணுமுணுப்பது கேட்டது. சின்னவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. அண்ணி போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"என்னங்க, நான் பேசறேன். அந்தப் பதினஞ்சும் காலை நீட்டிட்டுக் கெடக்குன்னு சொன்னீங்களே. அதுங்க சோம்பேறி இல்ல. தட்டை வச்சிட்டுக் காத்துட்டிருக்குதுங்க. நீங்க வேலை குடுக்கல."

"நான் எப்பக் குடுக்க மாட்டேன்னேன்?"

"கரண்டி ஒண்ணுதானே வச்சிருக்கீங்க. அதுவும் மூத்தது கையில. மத்தது கையால அள்ளிப் போடுமா?"

பிறகு மூத்தவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, தலையை எடுத்துட்டா மொத்தத்த யாரு பாப்பா? அவனவன் அள்ளிட்டுப் போனா கடைசியில நிக்கறவனுக்கு என்ன இருக்கும்?"

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. கடைசியில் நிற்கிறவன் யாரென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சின்னவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொழில் பேச்சு வந்ததும் அவருக்கு வேர்வை நின்றுவிட்டது.

"பாக்க வேண்டிய அவசியமே வராதுண்ணே. லைன் எவ்வளவுன்னு நமக்குத் தெரியும். அதை இப்பவே தெருவுக்கு இவ்வளவு, பிளாட்டுல மாடிக்கு இவ்வளவுன்னு பிரிச்சு வச்சுடறேன். ஒவ்வொண்ணும் தனி க்யூ. ஒவ்வொண்ணையும் ஒரு கோர் எடுத்துக்கும். அத்தனையும் கூட்டினாலும் லைனைத் தாண்டாது. கடைசி வீட்டுப் பங்கு அதோட தெருவுக்குள்ளயே இருக்கும், வேற யாரும் தொட முடியாது."

"ஒரு தெருவுல மிஞ்சினா, பத்தாத தெருவுக்குப் போகுமா?"

சின்னவர் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம்.

"போகாதுண்ணே."

"அப்ப அது வீணாத்தான் போகும்."

"கொஞ்சம் வீணாப் போகும்."

ஒரு பருக்கையைக்கூடப் பானையில் விடாத மனிதர் அவர். டீச்சர் குனிந்து போனில் சொன்னாள்:

"மாமா, இப்ப பாதி லைன் வீணாத்தான் போயிட்டிருக்கு. பானை நெறையச் சோறு இருக்கு. எடுத்து வைக்க ஒரு கைதான் இருக்கு. பசியோட எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க."

இடப்பக்கத்திலிருந்து இன்னொரு கூச்சல் வந்தது. எங்கள் பக்கம் கோல்கீப்பர் இன்னும் அந்தரத்தில்தான் இருந்திருப்பான்.

"டேய்" என்றார் மூத்தவர். "இது உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"பெட்டி வந்த வாரம்ணே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, உங்கள வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கும்னு."

"நான் கம்பத்துல இருக்கறவன்டா. பெட்டிக்குள்ள எங்கடா இருக்கேன்?"

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா வேறு எதுவா என்று சொல்ல முடியாது.

"பிரிச்சு வை" என்றார் மூத்தவர். "பிளாட்டுக்குத் தாராளமா வை. நம்ம தெருவுக்குக் கொறச்சு வை. மாடி ஐயாவோட தங்கச்சி பையன் இன்னும் கொஞ்ச நாள் வாயத் தொறந்துட்டு நிக்கட்டும், பரவாயில்ல."

சின்னவர் தட்ட ஆரம்பித்தார். எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார் என்பது அவர் விரல் போன வேகத்தில் தெரிந்தது. ஆனால் பழைய தலையை எடுத்துப் புதியவற்றை வைக்கிற அந்த நேரத்தில் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஜன்னலுக்கு வலப்பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். போன் ஸ்பீக்கரில் பல் டாக்டரின் குரல்.

"மூத்தவரே, இப்ப திரையே போயிடுச்சு. ஜனங்க எந்திரிக்கறாங்க."

"டாக்டர், பல்லு புடுங்கறப்ப பாதியில ஒருத்தன் எந்திரிச்சுப் போனா நீங்க என்ன சொல்வீங்க?"

"உக்காருன்னு சொல்வேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. சின்னவர் கடைசி விசையைத் தட்டினார். திரையில் முதல் கோடு சிவப்பிலிருந்து கீழே இறங்கியது. வெகுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி பாதி உயரத்தில் நின்று நிதானித்தது. தரையில் கிடந்தவை ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. நாலு, ஐந்து, பிறகு எண்ண முடியாமல் ஒரு புல்தரை மாதிரி எல்லாம் எழுந்து பச்சையாக ஆடின. உண்மையைச் சொல்வதானால் பதினாறும் எழவில்லை. இரண்டு மூன்று கடைசிவரை படுத்தே கிடந்தன. எந்த வீட்டில் இது இல்லை?

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வலப்பக்கத்திலிருந்து, எங்கள் குடியிருப்பிலிருந்து, ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு கூச்சல் கிளம்பியது. அண்ணி தேங்காய் மூடியைக் கீழே போட்டுவிட்டார். இடப்பக்கம் அமைதி. நாங்கள் இடப்பக்கத்துக்குக் காதைக் கொடுத்தோம். மூச்சை இழுத்து விடுகிற நேரம் போயிருக்கும். அப்புறம்தான் அங்கே கத்தினார்கள்.

"நமக்குத்தான் முதல்ல வருது" என்றாள் டீச்சர்.

"அது எப்படி?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியல. கேக்காதீங்க, நின்னுடப் போகுது" என்றார் சின்னவர்.

கடைசி விசில் வரை அப்படியேதான் நடந்தது. எங்கள் பக்கம் முதலில், அவர்கள் பக்கம் பின்னால். முடிவதற்குள் எதிர்க் குடியிருப்பில் பாதிப் பேர் தங்கள் டிவியை அணைத்துவிட்டு, பால்கனியில் நாற்காலி போட்டு எங்கள் கூச்சலைக் கேட்டே ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். அதில் ஒருவர், படம் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

போனில் டாக்டரின் குரல் வந்தது. "மூத்தவரே, கம்பெனிக்காரன் கையெழுத்துக்குன்னு எங்கிட்டக் குடுத்த பேனாவத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டான். நல்ல பேனா. நான் வச்சுக்கலாம்னு இருந்தேன்."

மூத்தவர் வீட்டுக்கு வந்தபோது சட்டை கசங்கியிருந்தது. நாலைந்து பேர் தூக்கியிருக்க வேண்டும். நேரே அலமாரிக்கு முன்னால் போய் நின்று பச்சைக் கோடுகளைப் பார்த்தார். முதல் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே. மத்ததோட சேந்து ஓடுது."

"ம்" என்றார். குனிந்து ஃபேனை அணைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கும் அங்கேதான். மேஜை நடுவில் சோற்றுப் பானை ஆவி பறக்க இருந்தது. மூத்தவரின் மகள் அண்ணியிடம் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போய், டிராயரில் கிடந்த சின்னச் சின்னக் கரண்டிகளை எடுத்து வந்து பருப்புக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி சத்தத்தோடு வைத்தாள். தாத்தாவின் நீளக் கரண்டியைச் சோற்றுப் பானையில் போட்டாள். மூத்தவர் வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தார். அவர் கை தானாகக் கரண்டிக்குப் போனது. சின்னவர் அதை முந்தி எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்கண்ணே."

"உக்காந்தா கைய எங்கடா வைக்கறது?"

"தட்டுல வைங்க" என்றார் அண்ணி.

உட்கார்ந்தார். சின்னவர் அண்ணனுக்கு முதலில் சோறு வைத்தார். ஒரு பக்கத்திலிருந்து பருப்பு வந்தது, இன்னொரு பக்கத்திலிருந்து காய் வந்தது. நாலு கைகள் மேஜையின் மேலே குறுக்கும் நெடுக்கும் போய்வந்தன. பருப்பு கொஞ்சம் சிந்தியது. மூத்தவர் அதைப் பார்த்தார். ஒருவரும் காத்திருக்கவில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் முதல் கவளத்தை எடுத்தோம்.

மூத்தவர் வாயில் வைத்தார். கண் இரண்டும் விரிந்தன. வாயைத் திறந்துகொண்டு, என் தங்கை மகனைப் போலவே, அப்படியே உறைந்துபோனார்.

"சுடுதே" என்றார் கடைசியில், தண்ணீரைத் தேடிக்கொண்டு.

"சூடான சோறு சுடும் மாமா" என்றாள் டீச்சர்.

"இத்தனை வருஷமா இதையா தின்னீங்க? எப்படித் தின்னீங்க?"

எழுந்து முன்னறைக்குப் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று சின்னவர் பாதி எழுந்தார். மூத்தவர் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதை என் பக்கத்தில் மேஜை ஓரத்தில் வைத்து, தன் தட்டுக்கு நேரே முகத்தைத் திருப்பி, ரௌட்டருக்கு வைத்த அதே வேகத்தில் வைத்தார். காற்று என் தட்டின்மேல் ஏறி அவர் பக்கம் போனது. என் சோற்றிலிருந்து நாலு பருக்கைகள் கிளம்பி, மேஜையைக் கடந்து, அவர் தட்டில் போய் விழுந்தன.

மூத்தவர் அந்தப் பருக்கைகளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஒரு தெருவுல மிஞ்சினா இன்னொரு தெருவுக்குப் போகாதுன்னு சொன்னியே" என்றார். "போகுதே."